கூட்டாளிப் பிள்ளை தனியாக வீட்டுக்கு வரும்போது

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு வீட்டுக்கு அழைப்பு என்றால் அது குடும்பத்துக்கான அழைப்பு. பிறந்தநாள், குடிபுகுதல், சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு) எதுவானாலும் தாய், தகப்பன், பிள்ளைகள், அம்மம்மா எல்லோரும் ஒரே ஓட்டோவில் வந்து இறங்குவார்கள். அதனால் “உங்கட மகளை மட்டும் சனிக்கிழமை விடுங்கோவன்” என்று கேட்டால் மறுபக்கத்தில் இரண்டு எண்ணம் எழும். எங்களை ஏன் கூப்பிடவில்லை என்பது ஒன்று. அந்த வீட்டில் யார் யார் நிற்கிறார்கள், பிள்ளையை நம்பி விடலாமா என்பது மற்றது. இரண்டையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் உங்களைச் சந்தேகப்படுவதாக நீங்கள் நினைத்துவிடுவீர்கள் என்ற தயக்கம். கடைசியில் சனிக்கிழமை காலையில் “பிள்ளைக்குத் தடிமன்” என்று ஒரு செய்தி வரும். உங்கள் பிள்ளை படலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அவர்கள் கேட்கத் தயங்குவதையெல்லாம் கேட்க முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. கீழே எழுதியிருப்பவை எல்லாம் அதைச் செய்வதற்கான வழிகள்தான்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

முதலில் உங்கள் பிள்ளையின் வாயைக் கட்டுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கதைத்து முடிவெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழத் தொடங்கினால், மற்றத் தாய்க்கு மறுக்க வழியில்லாமல் போய்விடும். “அம்மா கேட்டுச் சொல்லுவா” என்பதோடு பிள்ளை நிறுத்த வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கக் கூடாது. கூப்பிடப்படாத பிள்ளைகளின் தாய்மாரும் அதில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விடும் 1.30 மணிக்கு வாசலில் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்பதும் சரியில்லை. அங்கே வருகிற “ஓம்” பாதி வெட்கத்தில் வருவது.

மூன்று நான்கு நாட்களுக்கு முன்பு, பின்னேரத்தில் போன் எடுங்கள். முதல் தடவைக்கு எழுத்துச் செய்தி போதாது, குரல் கேட்க வேண்டும். தாய் தாயோடு கதைப்பது நல்லது. கணவர் வீட்டில் இல்லாத, தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு இன்னொரு வீட்டு ஆண் இரவில் போன் எடுத்தால் அயலில் கதை கிளம்பும்; அந்தச் சுமையை அவரிடம் ஏற்ற வேண்டாம். தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர் என்றால் வேலை முடிந்து வந்து முகம் கழுவிச் சாப்பிட நேரம் விட்டு எடுங்கள். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் இங்கே பலர். அங்கே சம்மதம் அம்மம்மாவுடையது. அவரிடம் கேட்ட பிறகு தாய்க்கும் ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். தூரத்தில் இருந்துகொண்டு பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவிப்பது கொடுமை.

கதைப்பது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“தங்கச்சி, உங்கட மகனோட ஆறாம் ஆண்டு படிக்கிற கவின்ர அம்மா கதைக்கிறன். வாற சனிக்கிழமை பின்னேரம் அவனை எங்கட வீட்ட விளையாட விடுவீங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். ரெண்டரைக்கு வந்தா அஞ்சு மணிக்கு நானே கொண்டுவந்து விடுவன். நான் முழுக்க வீட்டதான் நிப்பன், இவரும் நிப்பார், அம்மம்மாவும் இருக்கிறா. வேற ஒருத்தரும் வரேல்ல. வளவுக்க கிணறு இருக்கு, கட்டு இடுப்பளவுக்கு இருக்கு, மேல வலையும் போட்டிருக்கு. நாய் நிக்குது, அண்டைக்குக் கட்டி வைப்பன். முதல்தரம் நீங்களே கூட்டிக்கொண்டு வந்து, வீட்டையும் பாத்து, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. இப்பவே சொல்லவேணும் எண்டில்ல. வீட்டில கதைச்சுப்போட்டு நாளைக்குச் சொல்லுங்கோ.”

இதில் ஒன்றையும் விட்டுவிட வேண்டாம். “நாளைக்குச் சொல்லுங்கோ” என்பது மறுப்பதற்கு மரியாதையான வழி விடுகிறது. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்பது, பிள்ளையை மட்டும் கூப்பிட்டாலும் உங்களை ஒதுக்கவில்லை என்று சொல்கிறது. ஒருவர் “பாப்பம்” என்றால் பெரும்பாலும் அதன் பொருள் இல்லை என்பதுதான். இரண்டாம் தரம் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தம்பியோ தங்கையோ கூட வருவதா என்பதையும் அப்போதே தெளிவாக்குங்கள். மூன்று வயதுத் தம்பியையும் சேர்த்து விட்டுவிட்டுப் போவது நடக்கிற ஒன்று. உங்களால் பார்க்க முடியுமென்றால் “சின்னவனும் வரட்டும்” என்று மனதார சொல்லுங்கள். முடியாவிட்டால் “சின்னவனை உங்களோட வரேக்க ஒருநாள் பாப்பம்” என்றால் போதும். முதல் தடவை ஒரு கூட்டாளியே போதும். மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் ஒன்று தனித்துப்போய்விடும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெரியவர் ஒருவர் இல்லாமல் கூப்பிடாமல் விடுவதே நல்லது. ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்குவது குடும்பங்கள் நன்றாகப் பழகிய பிறகு யோசிக்க வேண்டியது.

யார் வீட்டில் நிற்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மூத்த அண்ணா, அவனைப் பார்க்க வரும் பெடியள், கொஞ்சநாள் தங்கி நிற்கும் மாமா, மதில் கட்டும் மேசன் என அந்த நேரத்தில் வளவுக்குள் நிற்கப்போகிற ஒவ்வொருவரையும் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைக்கு மட்டும் உரிய கவனம் என்று நினைக்க வேண்டாம், ஆண்பிள்ளைக்கும் அதே அளவு வேண்டும். சொன்ன பிறகு யாராவது புதிதாக வந்தால் மறுபடி எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் அவசரமாக வெளியே போக வேண்டி வந்தால், பிள்ளையை இன்னொருவரிடம் விட்டுப் போவதற்குப் பதிலாக அன்றைக்கு நிறுத்தி இன்னொரு நாள் வையுங்கள். வீட்டில் குடிக்கிற நாள் என்று ஒன்று இருந்தால் அந்த நாளை எடுக்கவே வேண்டாம்.

பிள்ளைகள் விளையாடும் இடம் விறாந்தை, முற்றம், ஹோல். கதவு சாத்திய அறை வேண்டாம். இதை இரண்டு பிள்ளைகளுக்கும் வந்த உடனேயே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். போனைக் கையில் கொடுத்து யூடியூப் பார்க்க விட்டுவிட்டுச் சமையலுக்குப் போனால், கூப்பிட்டதற்கே பயனில்லை. படம் எடுத்து பேஸ்புக்கிலோ ஸ்டேட்டஸிலோ போடுவதென்றால் தாயிடம் கேட்டுவிட்டுத்தான். பிள்ளையின் முகம் வெளியே தெரிவதை விரும்பாததற்கு அந்த வீட்டாருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

கழிப்பறையை வந்த உடனேயே காட்டுங்கள். கூச்சத்தில் இரண்டு மணித்தியாலமாக அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. கொண்டி ஒழுங்காகப் பூட்டுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். வீட்டிலிருந்து தள்ளிக் கட்டியிருந்தால் சிறிய பிள்ளையோடு நீங்களும் போய் வெளியே நில்லுங்கள். மூலையையும் வாளிக்குப் பின்னாலும் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளை என்றால் மாதவிடாய்க்கான பாட் எங்கே இருக்கிறது, எங்கே போடுவது என்று மெதுவாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதை வேண்டாம்.

வளவும் வேலிக்கு வெளியும்

உங்கள் பிள்ளைக்கு இந்த வளவின் ஆபத்து பிறந்ததிலிருந்து தெரியும், வருகிற பிள்ளைக்குத் தெரியாது. கிளிநொச்சி நகரத்தில் வளர்ந்த பிள்ளை தோட்டக்கிணற்றைக் கண்டிராது. கட்டு இல்லாமல் நிலமட்டத்தில் அகலமாக வெட்டிய கிணற்றின் ஓரம் மழைக்கு இளகியிருக்கும், கால் வைத்தால் சரியும். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்வதோடு நிற்காமல், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாகக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். “வீட்ட விளையாட” என்ற சம்மதத்துக்குள் குளிப்பு அடங்காது. வாய்க்கால் அமைதியாக ஓடும்; மேலே குளத்துக் கதவு திறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் ஏறும். குளங்களில் முதலையும் உண்டு.

வயலுக்கு அடிக்கும் மருந்து எங்கே இருக்கிறது என்று அன்று காலையில் தேடிப் பாருங்கள். மிச்சத்தை சோடாப் போத்தலில் ஊற்றி விறாந்தைத் தட்டில் வைப்பது பல வீடுகளில் பழக்கம். தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளை போத்தலின் வடிவத்தைத்தான் பார்க்கும். மண்ணெண்ணெய்க்கும் இதே கதி. இரண்டையும் பூட்டி வைக்க வேண்டும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போத்தலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் மோட்டருக்கு இழுத்த வயரில் தோல் உரிந்த இடம் இருந்தால் அன்று அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

வேலிக்கு வெளியே போவதே வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைப்பது கஷ்டம்தான். ஆனால் 2009 மே மாதத்தில் போர் முடிந்துவிட்டாலும் மிதிவெடி அகற்றும் வேலை முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்ப வேண்டும், பற்றைக்குள் இரும்புச் சாமான் எதைக் கண்டாலும் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை வருகிற பிள்ளைக்கும் சொல்லுங்கள். பன்றிக்காக வயலைச் சுற்றி இழுத்த கரண்ட் கம்பியும், காட்டுக் கரையில் வைத்த பன்றி வெடியும் பிள்ளைகளுக்கு அதே அளவு ஆபத்தானவை. அயலில் யாராவது கம்பி இழுத்திருப்பது தெரிந்தால் உங்கள் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடும் யோசனையே வேண்டாம்.

நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கட்டி வையுங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பாம்பு கடித்தால் பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வைத்து, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, காப்பு கொலுசைக் கழற்றி, உடனே கொண்டு போங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கேடு. இலவச அம்புலன்ஸ் 1990. எது நடந்தாலும், வாகனம் வரும் இடைவெளியிலேயே தாய்க்குச் சொல்லிவிட வேண்டும். “பயப்படுத்தக் கூடாது, பிறகு சொல்லுவம்” என்று ஒளித்தால் அந்த நம்பிக்கை பிறகு திரும்பாது.

சாப்பாடு

போனில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: “என்ன ஒத்துக்கொள்ளாது? அண்டைக்கு மச்சம் சாப்பிடுவாரோ?” மச்சம் என்றால் மீன், இறைச்சி. றால், நண்டு, சில மீன்வகை பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிக்க வைக்கும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலர் பம்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை, புரட்டாதிச் சனி, கந்தசஷ்டி, ஊர்க்கோயில் கொடியேறிய நாட்கள், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலம் என்று பல வீடுகளில் மச்சம் தொடுவதில்லை. அந்த நாட்களில் முட்டை போட்ட கேக்கும் சிக்கல்தான். முஸ்லிம் பிள்ளை வந்தால் இறைச்சியை விட்டு மரக்கறியும் மீனும் போதும். இறைச்சி சமைத்த சட்டியைப் பற்றியும் தாயிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் கூப்பிடுவதைத் தள்ளிப் போடுங்கள்.

பின்னேர வருகைக்குப் பெரிய சமையல் தேவையில்லை. அவித்த மரவள்ளியும் சம்பலும், கடலை, வடை, பயறு, ஒரு கோப்பை தேத்தண்ணீரோ மைலோவோ போதும். குளத்து மீன் வைத்தால் முள் எடுத்துக் கொடுங்கள். மேசையில் அதிகம் பரப்பினால், அடுத்த தடவை தாங்களும் அப்படிச் செய்ய வேண்டுமே என்று அந்தக் குடும்பம் யோசிக்கத் தொடங்கும். கடனில் நிற்கிற வீட்டுக்கு அது பாரம்.

பிள்ளை “வேண்டாம் அன்ரி, சாப்பிட்டிட்டு வந்தனான்” என்று சொல்லும். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் வீட்டில் பழக்கியிருப்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகப் போட்டு முன்னால் வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள். பசி இருந்தால் சாப்பிடும். இரண்டாம் தரம் கேட்டும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் கல்நீர், உவர்நீர். சிறுநீரக நோய்ப் பயத்தில் பில்ரர் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற குடும்பங்கள் உண்டு. பிள்ளை சொந்தப் போத்தலோடு வந்தால் மனம் கோண வேண்டாம். நீங்கள் கொடுப்பது கொதித்தாறிய நீராக இருக்கட்டும். கோப்பையும் தட்டும் உங்கள் பிள்ளையுடையதைப் போலவே இருக்க வேண்டும். வேறு கோப்பை எடுத்துக் கொடுப்பது, வெளித்திண்ணையில் இருத்திக் கொடுப்பது எல்லாம் சாதி பார்ப்பது. எந்தக் காரணம் சொன்னாலும் அது அதுதான். வீட்டில் முதியவர் யாராவது அப்படிச் செய்வார் என்று தெரிந்தால், பிள்ளையைக் கூப்பிட முன்பு அவரோடு கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும், வாழ்நாள் முழுக்க மறக்காது.

கேட்கக் கூடாதவை

“அப்பா என்ன செய்கிறார்” என்று தொடங்குவதைத் தவிருங்கள். இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் போருக்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் காணாமல் ஆக்கப்பட்ட மாமாவோ சித்தப்பாவோ உள்ள வீடுகள் இங்கே நிறைய. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017 பெப்ரவரி 20 தொடங்கிய போராட்டத்தில் இருந்த அம்மாமாரின் பேரப்பிள்ளை உங்கள் வீட்டு முற்றத்தில் விளையாடக் கூடும். பிரிந்து வாழும் பெற்றோர், வெளிநாட்டில் நிற்கும் தாய், காலை இழந்த தகப்பன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருக்கிறது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்ட வேண்டாம்.

“சொந்த இடம் எது?” என்ற கேள்வியும் வேண்டாம். பெரியவர்களுக்கு அந்தக் கேள்வி எதற்கென்று தெரியும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். என்ன விளையாட்டுப் பிடிக்கும், எந்தப் பாடம் கஷ்டம் என்று கேளுங்கள். புலமைப்பரிசில் புள்ளியையும் விடுங்கள்.

கொண்டுபோய் விடுவது

வருடம் முழுக்க இங்கே ஏறத்தாழ 5.45க்கும் 6.35க்கும் இடையில் பொழுது பட்டுவிடும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே பிள்ளை தன் வீட்டில் இருக்க வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய் உள்வழிகளில் செக்கலுக்குப் பிறகு யானை றோட்டில் நிற்கும். அதனால் 5 மணி என்று சொன்னால் 4.45க்கே விளையாட்டை நிறுத்தி முகம் கழுவ விடுங்கள். மோட்டார் சைக்கிளில் என்றால் பின்னால் ஒரு பிள்ளைதான், அதன் தலைக்கு அளவான ஹெல்மெட்டோடு. உங்கள் பிள்ளையையும் நடுவில் இருத்திக்கொண்டு போவது கூடாது. இன்னொருவர் வந்து “அம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ” என்றால், பிள்ளைக்கு அவரைத் தெரிந்திருந்தாலும் தாய்க்கு எடுத்துக் கேட்டுவிட்டு விடுங்கள்.

ஐப்பசியிலிருந்து தை வரை மழையைப் பார்த்துத்தான் நாள் வைக்க வேண்டும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் ஏறிய வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களைப் பிரித்துப் போட்டது. இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாயும் நாட்களில் மறுகரைப் பிள்ளையைக் கூப்பிட வேண்டாம்.

வெறுங்கையோடு அனுப்புவது வழக்கமில்லை. வளவில் காய்த்த மாங்காய் நாலு, முட்டை ஆறு, அன்று அவித்த கொழுக்கட்டை கொஞ்சம் போதும். பிள்ளை பிஸ்கட் கொண்டு வந்திருந்தால் அதைப் பிரித்து அங்கேயே இருவருக்கும் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளையின் பழைய உடுப்பையும் புத்தகப்பையையும் அன்றைக்குக் கொடுக்க வேண்டாம். விளையாட வந்த பிள்ளை உதவி வாங்க வந்ததாகிவிடும். கொடுக்க விரும்பினால் இன்னொரு நாள், தாயிடம், தனியாக.

வாசலில் தாயிடம் என்ன சாப்பிட்டது, எங்கே விழுந்தது, எதற்குச் சண்டை வந்தது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். முழங்காலில் சின்ன உரசல் என்றாலும் அவர் காண முன்பு நீங்கள் சொல்ல வேண்டும். பிள்ளையின் பழக்கவழக்கத்தைப் பற்றிய முறைப்பாடு அங்கே வேண்டாம்.

திரும்பக் கூப்பிடாவிட்டால்

அவர்கள் உங்கள் பிள்ளையைக் கூப்பிடாமல் விடலாம். வீட்டுத்திட்டத்தில் தொடங்கிய வீடு பூசாமல், கதவு போடாமல் நிற்கலாம். அதைக் காட்ட வெட்கப்படுவார்கள். கணக்குப் பார்க்காமல் நீங்கள் மறுபடி கூப்பிடுங்கள். வேண்டாம் என்று இரண்டு தரம் வந்தால், பிள்ளைகள் கோயில் திருவிழாவிலும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலும் சேர்ந்து நிற்கட்டும். “அவையளுக்குப் பெருமை” என்று உங்கள் பிள்ளைக்கு முன்னால் சொல்ல வேண்டாம், மறுநாள் வகுப்பில் அது அப்படியே போய்ச் சேரும்.

அவர்கள் கூப்பிட்டால் முதல் தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். வாசலோடு திரும்ப வேண்டாம். உள்ளே இருந்து, தருகிற தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும்; இந்த ஊரில் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் எடுப்பார்கள். பிறகு கிணறு எங்கே, யார் வீட்டில் நிற்பார்கள், எத்தனை மணிக்கு எடுக்க வர வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் இவற்றை நீங்கள் முதலில் சொல்லியிருந்தால், நீங்கள் கேட்பதை அவர்கள் தவறாக எடுக்க மாட்டார்கள்.